பக்கத்து காரையும் காட்டுங்கள்!

முதலில் ஒரு சின்னக் கணக்கு.

ஒரே கம்பெனி. ஒரே வருடம். ஒரே மாதிரி இரண்டு கார். ஒரு காரை ஓட்டியவர் 437 புள்ளிகள் எடுத்தார். இன்னொரு காரை ஓட்டியவர் எடுத்தது 152. இந்த இரண்டாவது ஆசாமியைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

‘வேஸ்ட் சார், தூக்கிட்டு வேற ஆளைப் போடுங்க.' இதுதானே உங்கள் பதில்? கவலைப்படாதீர்கள், அந்தக் கம்பெனியும் இதையேதான் சொன்னது. 2024-ல் ஃபார்முலா ஒன் கார் பந்தய சீசன் முடிந்ததும், ரெட்புல் அணி செர்ஜியோ பெரஸ் என்ற மெக்ஸிகோக்காரரை வீட்டுக்கு அனுப்பியது. 437 எடுத்த மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் நாலாவது முறையாக உலக சாம்பியன். 152 எடுத்த பெரஸுக்கு டாட்டா.

பெரஸ் இடத்துக்கு லியாம் லாசன் என்ற நியூஸிலாந்து இளைஞர் வந்தார். 2025 மார்ச்சில் ஆஸ்திரேலியாவில் அவருக்கு முதல் பந்தயம். தகுதிச் சுற்றில் 18-வது இடம். அடுத்த வாரம் சீனாவில் 20-வது இடம். ஓடியதே 20 கார்தான். மூன்றாவது பந்தயம் வருவதற்குள் அவரையும் தூக்கிவிட்டார்கள். ரெட்புல் முதலாளிகளுக்கு இன்னொரு சின்ன அணி இருக்கிறது. அங்கே திருப்பி அனுப்பினார்கள்.

இரண்டே பந்தயம். நம்ம ஊர் டீக்கடையில் கிளாஸ் கழுவச் சேர்ந்த பையனுக்குக்கூட ஒரு மாசம் டைம் கொடுப்பார்கள்.

சரி, திறமை இல்லாதவரைத் தூக்கினால் என்ன தப்பு என்று கேட்பீர்கள். அதே 2025 செப்டம்பரில் அஜர்பைஜான் பந்தயம். இந்த ‘திறமை இல்லாத' லாசன், சின்ன அணியின் காரில் தகுதிச் சுற்றில் மூன்றாவது இடம் பிடித்தார். பந்தயத்தில் ஐந்தாவதாக வந்தார். இதற்கு முன்னால் 2019-ல் இதே ரெட்புல், பியர் காஸ்லியை 12 பந்தயங்களோடு சின்ன அணிக்குத் தள்ளியது. அவர் அதே வருடம் பிரேசிலில் இரண்டாவதாக வந்தார். 2020-ல் இத்தாலியில் ஜெயித்தே விட்டார். பெரிய காரில் மக்கு, சின்ன காரில் கெட்டிக்காரர். ஆள் அதே ஆள்தான். அப்படியானால் எது மாறியது?

இந்த வாரம் நான் சொல்ல வருவது இதுதான். கார் பந்தயத்தில் ஓரளவுக்கு நம்பத் தகுந்த எண் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது: தகுதிச் சுற்றில் ஒரே அணியின் இரண்டு டிரைவர்களுக்கும் இடையில் உள்ள நேர வித்தியாசம். அந்த எண்ணையும் நமக்கு முழுக் கணக்கோடு காட்டுவதில்லை. பாதிக் கணக்கைக் காட்டி ஒரு மனிதனின் வேலையை முடிக்கிறார்கள். சோபாவில் உட்கார்ந்து நாமும் கைதட்டுகிறோம்.

கார் பந்தயமே பார்க்காதவர்களுக்காக இரண்டு பத்தி. தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம்.

ஃபார்முலா ஒன்னில் ஒவ்வொரு அணிக்கும் இரண்டு கார். ஞாயிற்றுக்கிழமை பந்தயம். அதில் யார் முன்னால் நின்று கிளம்புவது என்பதை முதல் நாள் தகுதிச் சுற்று முடிவு செய்யும். எதிரில் யாரும் இல்லாமல் ஒரு சுற்றை யார் மிக வேகமாக முடிக்கிறார் என்பதுதான் போட்டி. 2006-லிருந்து இதை மூன்று கட்டமாக நடத்துகிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் கடைசியில் இருப்பவர்கள் கழிந்துபோவார்கள். எஞ்சியவர்களில் முதல் இடம் பிடிப்பவருக்கு ‘போல் பொசிஷன்'.

வித்தியாசமெல்லாம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குவரை அளக்கப்படும். கார் மணிக்கு 200 கிலோமீட்டர் சராசரி வேகத்தில் போகிறது என்று வையுங்கள். நொடிக்கு 55 மீட்டருக்கு மேல். அப்போது நொடியில் பத்தில் ஒரு பங்கு என்பது ஐந்தரை மீட்டர். ஏறக்குறைய ஒரு காரின் நீளம். நீங்கள் கண்ணைச் சிமிட்டித் திறப்பதற்குள் ஒரு கார் முன்னே போய்விடும். இவ்வளவுதான் ஒருவரை ஹீரோ என்றும் இன்னொருவரை ஜீரோ என்றும் பிரிக்கிற தூரம்.

வேறு வேறு அணி டிரைவர்களை ஒப்பிட்டுச் சண்டை போடுவது வெட்டி வேலை. ஒருவரிடம் இருப்பது நல்ல கார், இன்னொருவரிடம் இருப்பது சுமார் கார். முதலே இல்லாமல் பெட்டிக்கடை வைத்தவரின் லாபத்தையும் ஜவுளிக்கடல் முதலாளியின் லாபத்தையும் பக்கத்தில் வைத்து ‘யார் சார் நல்ல வியாபாரி?' என்று கேட்கிற மாதிரி. அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் பக்கத்து காரைப் பார்ப்பார்கள். அதே அணி, அதே இன்ஜின், அதே டயர். இரண்டு பேரில் யார் வேகம்?

இந்த அளவுகோலில்தான் அயர்டன் சென்னா பெரிய பெயர் வாங்கினார். 1988-ல் மொனாக்கோ தகுதிச் சுற்றில், தன் மெக்லாரன் அணியைச் சேர்ந்த அலான் புரோஸ்ட்டைவிட 1.427 நொடி வேகமாக ஓட்டினார். புரோஸ்ட் சாதாரண ஆள் இல்லை. அதற்குள் இரண்டு முறை உலக சாம்பியன் ஆனவர். அவரையே ஒன்றரை நொடி வித்தியாசத்தில் பின்னால் தள்ளியதை இன்றைக்கும் பேசுகிறார்கள். ஆனால் மறுநாள் பந்தயத்தில் ஜெயித்தது யார்? புரோஸ்ட். முன்னால் போய்க்கொண்டிருந்த சென்னா தடுப்பில் மோதிவிட்டார். அந்த வருடம் முழுவதும் சென்னாவுக்கு 13 போல் பொசிஷன், புரோஸ்ட்டுக்கு 2. எடுத்த மொத்தப் புள்ளிகள் புரோஸ்ட்டுக்கு 105, சென்னாவுக்கு 94. ஆனால் அப்போதைய விதிப்படி சிறந்த 11 பந்தயங்களின் புள்ளிகளை மட்டும்தான் சேர்ப்பார்கள். அந்தக் கணக்கில் சென்னா 90, புரோஸ்ட் 87. சென்னா சாம்பியன்.

யார் பெரியவர் என்று கேட்டால் எந்தக் கணக்கை எடுப்பீர்கள்? ஒரு எண் ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். அதைக் கொண்டு ஒன்பது கேள்விக்குத் தீர்ப்பு எழுதக் கூடாது.

நான் பி.காம். படித்தவன். காஸ்ட் அக்கவுன்ட்டிங்கில் ‘வேரியன்ஸ்' என்று ஒரு பாடம் வரும். தொழிற்சாலையில் நூறு பொருள் செய்ய வேண்டிய தொழிலாளி எண்பதுதான் செய்தார் என்றால், உடனே ‘லேபர் சரியில்லை' என்று எழுதக் கூடாது. மெஷின் எத்தனை மணி நேரம் ரிப்பேராகி நின்றது? கொடுத்த சரக்கு மட்டமா? கரன்ட் போனதா? இதையெல்லாம் தனித்தனியாகக் கழித்த பிறகு மிச்சம் ஏதாவது இருந்தால்தான் அது தொழிலாளியின் பொறுப்பு. கழிக்காமல் எழுதினால் பரீட்சையில் மார்க் கிடையாது.

பல நூறு கோடி ரூபாய் புரள்கிற ஃபார்முலா ஒன்னில் இந்தக் கழித்தல் கணக்கை டிவியில் யாரும் போட்டுக் காட்டுவதில்லை. நாமே கொஞ்சம் போட்டுப் பார்க்கலாமா?

முதலில் எரிபொருள். 2003 முதல் 2009 வரை, முன் வரிசை இடங்களை முடிவு செய்கிற கடைசிச் சுற்றில், மறுநாள் பந்தயத்தைத் தொடங்கப் போகும் எரிபொருளோடுதான் ஓட்ட வேண்டும் என்று விதி. ஒருவர் நிறைய நிரப்பிக்கொள்வார், இன்னொருவர் கம்மியாக நிரப்பிக்கொள்வார். எடை கூடினால் கார் மெதுவாகும், இதற்கு இன்ஜினீயரிங் படிக்க வேண்டியதில்லை. ஆனால் யார் காரில் எவ்வளவு என்பது ரகசியம். 2009-ல்தான் தகுதிச் சுற்று முடிந்ததும் கார்களின் எடையை வெளியிட ஆரம்பித்தார்கள். 2010-ல் பந்தயத்தின் நடுவே எரிபொருள் நிரப்புவதையே நிறுத்தினார்கள். அதாவது ஆறு வருடம், ஆயிரத்தில் ஒரு பங்கு சுத்தமாக அளந்த நேரத்தைத் திரையில் காட்டினார்கள். அதற்குள் எத்தனை கிலோ ஒளிந்திருக்கிறது என்று சொல்லவில்லை. அந்த ஆறு வருடமும் நாம் ‘இவன் அவனைவிட மூணு பத்து ஃபாஸ்ட்' என்று வாய் கிழியப் பேசினோம்.

அடுத்து பாகங்கள். 2010 ஜூலை, இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன். ரெட்புல் அணி ஒரு புது முன்பக்க இறக்கையைக் கொண்டுவந்தது. கையில் இருந்தது இரண்டே இரண்டு. செபாஸ்டியன் வெட்டலுக்கு ஒன்று, மார்க் வெப்பருக்கு ஒன்று. பயிற்சியில் வெட்டலின் இறக்கை போய்விட்டது. என்ன செய்தார்கள் தெரியுமா? வெப்பர் காரில் இருந்ததைக் கழற்றி வெட்டல் காரில் மாட்டினார்கள். தகுதிச் சுற்றில் வெட்டல் முதல், வெப்பர் இரண்டாவது. வித்தியாசம் 0.143 நொடி. இதில் வெட்டலின் திறமை எவ்வளவு, இறக்கையின் திறமை எவ்வளவு? ரிக்கார்டில் இருப்பது 0.143 மட்டும்தான். மறுநாள் வெப்பர் ஜெயித்தார். ஜெயித்த கையோடு ரேடியோவில், இரண்டாம் நம்பர் டிரைவருக்கு இது பரவாயில்லைதானே என்று கேட்டார். அந்தக் குத்தலுக்குள் எவ்வளவு வயிற்றெரிச்சல் இருந்திருக்கும்!

மூன்றாவது, காரின் குணம். எல்லோரும் ஓட்டுவது ‘ஒரே கார்' என்கிறோம். அந்தக் காரை யார் கைக்கு ஏற்ற மாதிரி வளர்த்தார்கள்? வெர்ஸ்டாப்பனுக்குப் பக்கத்தில் ஓட்டி, அதே மாதிரி வேலை இழந்த அலெக்ஸ் ஆல்பன் பிற்பாடு ஒரு பேட்டியில் அழகாக விளக்கினார். கம்ப்யூட்டர் மவுஸின் வேகத்தை உச்சத்தில் வைத்துவிட்டால், லேசாகத் தொட்டாலே அம்புக்குறி திரையின் அந்தப் பக்கம் பாயும் இல்லையா, அந்தக் கார் அப்படித்தான் என்றார். வெர்ஸ்டாப்பனுக்கு அது பிடிக்கும், அதில் அவர் மன்னன். சந்தேகமே இல்லை. ஆனால் ஒருத்தர் காலுக்கு அளவெடுத்துத் தைத்த செருப்பை இன்னொருத்தருக்கு மாட்டிவிட்டு, ‘ஏன் நொண்டுறே?' என்று கேட்பது என்ன நியாயம்?

நான்காவது உதாரணம் நம்ம சென்னைக்காரர் கருண் சந்தோக். 2010 மார்ச், பஹ்ரைன். அவருடைய முதல் ஃபார்முலா ஒன் பந்தயம். ஹிஸ்பானியா என்ற புத்தம்புது அணி. கையில் காசு இல்லை. சீசனுக்கு முன்னால் ஒரு நாள்கூட காரை ஓட்டிச் சோதித்துப் பார்க்கவில்லை. அணியின் இன்னொரு டிரைவர் புரூனோ சென்னா, மேலே சொன்ன அயர்டன் சென்னாவின் அக்கா மகன். அவர் காரையாவது வெள்ளிக்கிழமைப் பயிற்சிக்கு வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். கருணின் காரைப் பூட்டி முடிக்கவே இல்லை. வெள்ளிக்கிழமை போச்சு. சனிக்கிழமை காலையும் போச்சு. கருண் அந்தக் காரை வாழ்க்கையில் முதன்முதலாக நகர்த்தியதே தகுதிச் சுற்றில்தான்!

நினைத்துப் பாருங்கள். புது ஸ்கூட்டர் வாங்கினால்கூட தெரு முனைவரை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் மெயின் ரோட்டுக்குப் போவோம். இந்த மனிதர் பிரேக் எப்படிப் பிடிக்கும் என்று தெரியாத காரில், உலகமே பார்க்க, நேரத்தோடு பந்தயம் ஓடினார். புரூனோவைவிட ஒன்றரை நொடிக்கு மேல் அதிகம் ஆனது. பட்டியலில் கடைசி. அந்தக் கடைசி இடமும் அந்த நேரமும் இன்றைக்கும் ரிக்கார்டில் இருக்கின்றன. ‘இவர் இந்தக் காரை இப்போதுதான் முதல் தடவை ஓட்டுகிறார்' என்ற குறிப்பு அந்த எண்ணுக்குப் பக்கத்தில் இல்லை.

சனிக்கிழமை கதை இது. ஞாயிற்றுக்கிழமை கதை இன்னும் மோசம்.

2002 மே, ஆஸ்திரியா. ஃபெராரி அணியின் ரூபென்ஸ் பாரிக்கெல்லோ சனிக்கிழமை முதல் இடம் பிடித்தார். ஞாயிற்றுக்கிழமையும் முன்னால் போய்க்கொண்டிருந்தார். அதே அணியின் மைக்கேல் ஷூமேக்கர் அதுவரை நடந்த ஐந்து பந்தயங்களில் நான்கை ஜெயித்திருந்தார். அவருக்குப் புள்ளிப் பஞ்சமே இல்லை. இருந்தும் பாரிக்கெல்லோவை வழிவிடச் சொல்லி ரேடியோவில் உத்தரவு போட்டார்கள். முடிவுக்கோட்டுக்குப் பக்கத்தில் வந்து அவர் வேகத்தைக் குறைத்தார். ஷூமேக்கர் ஜெயித்தார். மைதானமே ஊளையிட்டது. கூச்சப்பட்ட ஷூமேக்கர் மேடையில் பாரிக்கெல்லோவை முதல் படியில் ஏற்றி நிறுத்தினார். சர்வதேச சம்மேளனம் பத்து லட்சம் டாலர் அபராதம் போட்டது. எதற்கு? வழிவிடச் சொன்னதற்கு இல்லை. மேடையில் படி மாறி நின்றதற்கு! திருடனை விட்டுவிட்டு, அவன் செருப்பை வாசலில் கோணலாக விட்டதற்கு ஃபைன் போட்ட கதை.

அந்த வெற்றி ஷூமேக்கரின் 91 வெற்றிகளில் ஒன்றாக இன்றைக்கும் எண்ணப்படுகிறது. பாரிக்கெல்லோவின் கணக்கில் 11.

ஊர் சிரித்ததால் 2003-லிருந்து அணி உத்தரவுகளைத் தடை செய்தார்கள். தடை இருந்தபோதே 2010 ஜூலையில் ஜெர்மனியில் அதே ஃபெராரி என்ன செய்தது? ஃபிலிப்பே மாஸா முன்னால் போகிறார். ‘ஃபெர்னாண்டோ உன்னைவிட வேகமாக வருகிறார், புரிந்ததா?' என்று ரேடியோவில் கேட்டார்கள். மாஸாவுக்குப் புரிந்தது. நமக்கும் புரிந்தது. அலோன்சோவுக்கு வழிவிட்டார். சரியாக ஒரு வருடத்துக்கு முன்னால் அதே தேதியில்தான், ஹங்கேரியில் தகுதிச் சுற்றின்போது முன்னால் போன காரிலிருந்து கழன்று வந்த ஸ்பிரிங் ஒன்று மாஸாவின் தலையைத் தாக்கியது. பிழைத்து எழுந்து மறுபடி ஓட்ட வந்த மனிதருக்கு அன்றைக்குக் கிடைத்த மரியாதை இது. அபராதம் ஒரு லட்சம் டாலர். அலோன்சோவின் வெற்றி ரத்தாகவில்லை. அடுத்த வருடம் தடையையே எடுத்துவிட்டார்கள். பிடிக்க முடியாத குற்றத்தைச் சட்டமாக்கிவிட்டால் பிரச்னை தீர்ந்தது, இல்லையா?

பழங்கதை என்று தள்ளாதீர்கள். 2025 செப்டம்பர், இத்தாலி. வெர்ஸ்டாப்பன் ஜெயித்த பந்தயம் அது. மெக்லாரன் அணியின் லாண்டோ நோரிஸ் இரண்டாவதாக ஓடிக்கொண்டிருந்தார். டயர் மாற்ற வந்தபோது சக்கரம் மாட்டத் தாமதமாகி, அதே அணியின் ஆஸ்கார் பியாஸ்ட்ரி முன்னே போய்விட்டார். இடத்தைத் திருப்பிக் கொடு என்று பியாஸ்ட்ரிக்கு உத்தரவு. கொடுத்தார். நோரிஸுக்கு 18 புள்ளி, பியாஸ்ட்ரிக்கு 15. டிசம்பரில் சீசன் முடிந்தபோது நோரிஸ் 423, வெர்ஸ்டாப்பன் 421. நோரிஸ் உலக சாம்பியன். அந்த மூன்று புள்ளியைக் கழித்துப் பாருங்கள்: 420.

நோரிஸைக் குறை சொல்லவில்லை. மெக்கானிக் தடுமாறியதற்கு அவர் என்ன செய்வார்? அந்த இடம் மாற்றாமல் இருந்திருந்தால் மற்ற பந்தயங்களும் இதே மாதிரி நடந்திருக்கும் என்றும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் உலக சாம்பியன் பட்டத்தைத் தொடுகிற அளவுக்குப் பெரிய ஒரு முடிவை ஸ்டீயரிங் பிடித்தவர்கள் எடுக்கவில்லை. சுவரோரம் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவர்கள் எடுத்தார்கள். கோப்பையில் அவர்கள் பெயர் இருக்காது.

இப்போது டிவிக்கு வருவோம்.

உங்கள் டிவியில் இடது பக்கம் ஒரு பட்டியல் ஓடும். ஒவ்வொரு பெயருக்கும் மூன்று எழுத்து. ஒட்டுமொத்த வேகத்துக்கு ஊதா, சொந்த முன்னேற்றத்துக்குப் பச்சை, மெதுவாகப் போனால் மஞ்சள். பக்கத்தில் ஒரு வித்தியாசம். எதிலிருந்து வித்தியாசம்? முதல் ஆளிடமிருந்து, இல்லாவிட்டால் முன்னால் போகிற ஆளிடமிருந்து. சக டிரைவருக்கும் இவருக்கும் எவ்வளவு என்பதை எப்போதாவது ஒரு தடவை மின்னலாகக் காட்டிவிட்டு மறைத்துவிடுவார்கள். அந்த மின்னலிலும் இறக்கை யாருக்கு, பழைய டயர் யாருக்கு, டிராபிக்கில் மாட்டியது யார் என்பது இருக்காது.

ஏன் இப்படி? உலகம் முழுக்கப் போகிற அந்தப் படத்தைத் தயாரிப்பது வெளியாள் யாருமில்லை, ஃபார்முலா ஒன் நிர்வாகமே. கடைக்காரரே தன் சரக்கைப் பற்றிச் செய்தி வாசிக்கிறார். எந்த ரேடியோ பேச்சு நம் காதுக்கு வர வேண்டும், எது வரக் கூடாது என்று முடிவு செய்வதும் அவர்கள்தான். 2017-ல் ஒரு அமெரிக்க மீடியா கம்பெனி இந்த விளையாட்டை வாங்கியது. 2019-லிருந்து இதை ஒரு தொடராகவும் ஓட்டுகிறார்கள். தொடர் என்றால் மாமியார், மருமகள் வேண்டும். ஒரு ஹீரோ, ஒரு வில்லன், வேலை போகப்போகிற ஒரு அப்பாவி. கணக்கு விளக்கினால் சேனலை மாற்றிவிடுவீர்கள் என்ற பயம் அவர்களுக்கு.

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியாமல் இல்லை.

‘இது டீம் கேம் சார். கம்பெனி காசு போடுது, கம்பெனி முடிவு பண்ணுது.' ரொம்ப சரி. அணிகளுக்கென்று 1958-லிருந்தே தனிப் பட்டம் இருக்கிறது. அதற்காக என்ன உத்தரவு வேண்டுமானாலும் போடட்டும். ஆனால் தனி ஆளுக்கு ‘உலகத்தின் தலைசிறந்த டிரைவர்' என்று பட்டம் கொடுத்து, அவர் முகத்தை வைத்து வாட்சும் சட்டையும் விற்கும்போது, அது தனி ஆள் போட்டி என்றுதானே நம்மிடம் விற்கிறார்கள்? லாபத்துக்குத் தனி ஆள், உத்தரவுக்கு டீம் என்றால் அது இரட்டைக் கணக்குப் புத்தகம்.

‘திறமை இருக்கிறவன் எந்தக் கார்லயும் ஜெயிப்பான்.' அப்படியா? 2005, 2006 இரண்டு வருடமும் உலக சாம்பியன் ஆன அலோன்சோ, 2015-ல் மெக்லாரன் காரில் ஓட்டி எடுத்தது 11 புள்ளி. கார் ஓட்டுவது அவருக்கு மறந்தா போச்சு? ஏழு முறை சாம்பியன் ஆன லூயிஸ் ஹாமில்டன் 2025-ல் ஃபெராரிக்குப் போனார். சீனாவில் ஒரு சின்ன ஸ்பிரின்ட் பந்தயத்தை ஜெயித்தார். அதைத் தவிர ஒரு பந்தயத்தில்கூட மேடை ஏறவில்லை. அதே அணியின் சார்ல்ஸ் லெக்லேர் பல தடவை ஏறினார். ஹாமில்டனை ‘வேஸ்ட்' என்று சொல்ல உங்களுக்கு நாக்கு வருமா? வராது. ‘புது டீம், புது பிரேக், பழக டைம் ஆகும்' என்று நாமே அவருக்காகக் காரணம் தேடுவோம். தேட வேண்டியதுதான், நியாயமான காரணங்கள்தான். அதே காரணங்களை லாசனுக்கு ஏன் இரண்டு வாரம்கூட நாம் கொடுக்கவில்லை? பெரிய மனிதர் என்றால் விளக்கம், சின்ன மனிதர் என்றால் தீர்ப்பா?

அவமானத்தில் மட்டும் இல்லை, பெருமையிலும் நாம் இதே பாதிக் கணக்கைத்தான் பார்க்கிறோம். கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஜோர்டான் அணியில் சேர்ந்து முதல் இந்திய ஃபார்முலா ஒன் டிரைவர் ஆனார். அந்த ஜூனில் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் நான்காவதாக வந்து 5 புள்ளி எடுத்தார். நாலாவது இடம்! கொண்டாடினோம். அன்றைக்கு டயர் தகராறில் 14 கார்கள் ஓடாமல் ஒதுங்கின, ஓடியதே ஆறு கார்தான், நரேனின் அதே அணிக்காரர் டியாகோ மான்டெய்ரோ மூன்றாவதாக வந்தார் என்பதையெல்லாம் கொண்டாட்டத்தில் மெதுவாகச் சொல்லிக்கொண்டோம்.

ஆனால் 2011 அக்டோபர் 30-ஐப் பாருங்கள். டெல்லிக்குப் பக்கத்தில் கிரேட்டர் நொய்டாவில் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் பந்தயம். நரேன் அப்போது ஹிஸ்பானியா அணியில். அந்த வருடம் பாதியிலேயே அவரை உட்காரவைத்துவிட்டு, டேனியல் ரிக்கியார்டோ என்ற ஆஸ்திரேலியப் பையனிடம் காரைக் கொடுத்திருந்தார்கள். சொந்த நாட்டுப் பந்தயம் என்பதால் அந்த ஒரு வாரம் மட்டும் இன்னொருவரின் காரில் நரேனுக்கு இடம். சில மாதம் பந்தயமே ஓடாமல் வந்து உட்கார்ந்தவர் 17-வது வந்தார். டிவியில் ‘17' என்று காட்டினார்கள். ‘ப்ச்' என்று நாம் சேனலை மாற்றினோம்.

18-வது வந்தது யார் தெரியுமா? ரிக்கியார்டோ. தன் இடத்தைப் பறித்த பையனை அதே அணியின் காரில் பின்னால் விட்டுவிட்டு வந்திருக்கிறார் நரேன். அந்தப் பையன் பிற்பாடு எட்டு கிராண்ட் பிரீ ஜெயித்தார். ஒரு பந்தயத்தை வைத்து நரேன்தான் பெரியவர் என்று நான் சொல்ல மாட்டேன். இவ்வளவு நேரம் பேசியதற்கு அதுவே துரோகம். ஆனால் இண்டியானாபோலிஸ் நாலாவது இடத்தைவிட இந்த 17-க்குக் கொஞ்சம் எழுந்து நின்று கைதட்டியிருக்கலாம். தட்டவில்லை. ஏனென்றால் பக்கத்து காரை யாரும் நமக்குக் காட்டவில்லை.

பந்தயத்தோடு போகிற விஷயமாக இருந்தால் நான் இவ்வளவு நீட்டி முழக்க மாட்டேன். அண்ணனுக்கு டியூஷன் ஃபீஸ் கட்டி, தம்பிக்குக் கட்டாமல், ரிசல்ட் அன்றைக்கு ‘ரெண்டும் ஒரே வயித்துல பொறந்ததுங்கதானே?' என்று கேட்கிற வீடு உங்களுக்குத் தெரியும். நல்ல ஏரியாவை ஒருத்தருக்கும் வறண்ட ஏரியாவை இன்னொருத்தருக்கும் கொடுத்துவிட்டு, மாசக் கடைசியில் இருவரின் சேல்ஸையும் போர்டில் பக்கத்துப் பக்கத்தில் எழுதுகிற மேனேஜரையும் தெரியும். அவர்கள் எல்லோரும் சொல்வது ரெட்புல் சொன்ன அதே வசனம்தான்: ‘ஒரே கார் கொடுத்தோமே!'

சும்மா திட்டிவிட்டுப் போக நான் வரவில்லை. கேட்பது பெரிய விஷயமும் இல்லை. 2009-ல் கார்களின் எடையை வெளியிட்டபோது வானம் இடிந்து விழவில்லை. பார்வையாளருக்குப் பந்தயம் இன்னும் சுவையாகத்தான் இருந்தது. 2022-லிருந்து ஒவ்வொரு பந்தயத்துக்கும் என்னென்ன புதுப் பாகங்கள் கொண்டுவந்திருக்கிறோம் என்று அணிகள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற நடைமுறையும் இருக்கிறது. அந்தத் தாளில் இருப்பதை டிவி திரையில் அந்த இரண்டு பெயர்களுக்கு நேரே போட எத்தனை நொடி ஆகும்? ‘இவர் காரில் புது இறக்கை, அவர் காரில் பழசு.' ‘இவருக்கு வழிவிடச் சொல்லி உத்தரவு.' எழுதுங்கள். ஒளித்து வைக்க என்ன இருக்கிறது? அணிகள் தயங்கினால், தயங்குகிறார்கள் என்பதையாவது காட்டுங்கள்.

அவர்கள் காட்டுகிறவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த தகுதிச் சுற்று நடக்கிற அன்று, ஊதா நிறப் பெயரை விட்டுவிட்டு, கீழே பாருங்கள். பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் அணியின் அடையாளம் இருக்கும். ஒரே அடையாளம் இரண்டு இடத்தில் வரும். பதினாலாவதில் ஒன்று, பதினேழாவதில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு நேரத்தையும் கழியுங்கள். வருகிற விடையை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வையுங்கள். மறுநாள் பேப்பரில் அந்தக் கேள்விக்குறிக்கு யாராவது பதில் எழுதியிருக்கிறார்களா என்று தேடுங்கள்.

எழுதவில்லை என்றால், அந்த பதினேழாவது ஆளை ‘வேஸ்ட்' என்று சொல்கிற உரிமை உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை.